மூன்றாவது ரவுண்டில் நான் விழவில்லை

ஜனவரி 9

மாப்பிள்ளைக்கு,

மூன்றாவது ரவுண்டில் நான் விழுந்துவிட்டேனாம். உங்கள் இடது குத்து என் தாடையில் பட்டதாம், முழங்கால் மடங்கி உட்கார்ந்தேனாம், நடுவர் பத்து எண்ணி முடித்தும் எழுந்திருக்கவில்லையாம். குத்துச்சண்டைச் சங்கத்தின் நூற்றாண்டு மலரில், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், இப்படி அச்சாகியிருக்கிறது.

நான் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பீர்கள். என்னையே படுக்கவைத்தவருக்கு உடம்புக்கு என்ன குறை?

நாம் இருவரும் ஒருநாளும் ஒரே மேடையில் ஏறியதில்லை. நான் நடுத்தர எடைப் பட்டத்தை விட்டு இறங்கிப் பத்து வருடம் கழித்துத்தான் நீங்கள் அதைத் தொட்டீர்கள். பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டீர்கள். இதுதான் நமக்குள் நடந்தது. ஆனால் மலர்க்குழுக்காரர்கள் நூறு வருடத்துச் சாம்பியன்களில் எட்டுப் பேரைப் பொறுக்கி, காகிதத்திலேயே மோதவிட்டு, காகிதத்திலேயே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள்.

காலிறுதியில் எனக்கும் கொல்லனுக்கும் போட்டி. கொல்லன் முதல் சாம்பியன், பட்டறைக்காரர். அந்தக் காலத்தில் இருபது ரவுண்டு சண்டை போட்டவர். ஆனால் அவருக்கு முன்னால் வரத் தெரியும், திரும்பத் தெரியாது. அவரை நான் பன்னிரண்டாவது ரவுண்டில் முடித்தேன் என்று எழுதியிருக்கிறார்கள். ஒன்பதிலேயே முடித்திருப்பேன். போகட்டும், பெரிய மனது பண்ணி விட்டுவிட்டேன்.

அரையிறுதியில்தான் அநியாயம். எங்கள் காலத்தில் சண்டை நடக்கும் நாள் காலையில் எடை போடுவார்கள். காலையில் எழுபத்திரண்டரை கிலோ என்றால் மாலையிலும் அதே எழுபத்திரண்டரை. உங்கள் காலத்தில் முந்தின நாளே எடை போட்டுவிடுவார்கள். தராசை விட்டு இறங்கியதும் தின்ன ஆரம்பித்து, மறுநாள் மேடை ஏறும்போது ஐந்தாறு கிலோ கூடியிருக்கும். அதற்குப் பெயர் நடுத்தர எடையா? அந்த உடம்பை என் எதிரே நிறுத்திவிட்டு, ஐஸ்கட்டி என்று மேடையில் பேர் வாங்கிய நான் விழுந்தேன் என்று எழுதினால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஜூனில் விழா. எல்லாக் காலத்துக்கும் சாம்பியன் நீங்கள்தான் என்று உங்களுக்குக் கோப்பை கொடுக்கப் போகிறார்களாம். அதற்குள் நீங்களே குழுவுக்கு எழுதி, அரையிறுதித் தீர்ப்பு எனக்கு வேண்டாம் என்று திருப்பிவிட வேண்டும்.

தங்கச்சி புருஷன் என்பதால் ‘நீங்கள்’ என்று போட்டு எழுதியிருக்கிறேன். மேடைக்காரனாக நினைத்திருந்தால் வேறு மாதிரி வந்திருக்கும்.

பதிலை எதிர்பார்க்கும்,
மச்சான்


ஜனவரி 28

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் நலம். நீங்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? மாடிப் படியில் பார்த்து இறங்குங்கள்.

இவருக்கு எழுத நேரமில்லை. வீட்டில் கொஞ்சம் வேலை நடக்கிறது. குளியலறைச் சுவரில் கம்பி பொருத்தியிருக்கிறோம். மாடியில் இருந்த கட்டிலைக் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். வேறு விசேஷம் இல்லை.

அந்த மலரைப் பற்றி இப்போது பேச வேண்டாமே, அண்ணா.

தங்கச்சி


பிப்ரவரி 10

தந்திக்கு,

இந்தக் கடிதம் மாப்பிள்ளைக்கு அல்ல. மாப்பிள்ளைக்கு நேரமில்லையாம். அதனால் மேடைக்காரனுக்கு எழுதுகிறேன்.

குளியலறைக் கம்பிக்கும் என் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்? கம்பியை நீயா வார்த்தாய்? தந்தி ஆபீஸில் முப்பது வருடம் குந்தியிருந்தவனுக்கு ஒரு வரி எழுத வராதா? உன் இடது கை தந்தி மாதிரி வரும், எதிர்பாராத நேரத்தில் கெட்ட செய்தியோடு வரும் என்றுதானே உனக்கு அந்தப் பெயரே வைத்தார்கள்? அந்தக் கைக்குப் பேனா பிடிக்க என்ன கேடு?

தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்க உனக்கு மனமில்லை. அதுதான் விஷயம். தங்கச்சியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாய். ஒளிந்துகொண்டு சண்டை போடுகிறவனுக்கு நாற்பத்திரண்டாம் பக்கம்தான் சரியான மேடை.

ஒன்று கேட்டுக்கொள். எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது. ஐஸ் பாக்டரியில் தண்ணீர் ஓடும் தரையில் பாளத்தை இழுத்து இழுத்துத்தான் காலை ஊன்றக் கற்றேன். அந்தத் தரையில் வழுக்காதவன் உன் குத்துக்கா வழுக்கப் போகிறேன்? என்னை எட்டாவது ரவுண்டுக்கு முன்னால் அசைத்தவன் யாரும் இல்லை. மூன்றாவதாம்! மூன்றாவது ரவுண்டில் எனக்கு வியர்க்கவே வியர்க்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல உடம்போடு இருப்பவனிடம்தான் எனக்குச் சண்டை.

ஐஸ்கட்டி


பிப்ரவரி 21

அண்ணா,

வணக்கம். நலம் என்று போன கடிதத்தில் எழுதினேன். அது உண்மையில்லை.

நவம்பரில் இவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு போகவில்லை. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கைதான் மடியில் கிடக்கிறது, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. “மச்சானுக்கு மட்டும் சொல்லிடாதே” என்று ஆஸ்பத்திரியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார்.

பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள். ரப்பர் பந்தைக் கையில் வைத்து அமுக்கச் சொன்னாள். இவர் அதை வலது கையால் எடுத்து ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டார். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அம்மா, கை இன்னும் சாகலை. ஆனா கோடைக்குள்ள வேலை வாங்கணும். இவர் மனசு வெக்கலேன்னா அது அப்படியே நின்னுடும்” என்றாள். சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஆமாம், இல்லை, வேண்டாம். மூன்று மாதமாக இவர் பேசியதே இந்த மூன்று வார்த்தைதான்.

உங்கள் முதல் கடிதத்தை இவரிடம் காட்டாமல் வைத்திருந்தேன். இரண்டாவதைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். கோபமும் வந்தது, முந்தானை இடத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

“என்ன?” என்றார் கூடத்திலிருந்து.

படித்துக் காட்டினேன். முதல் கடிதத்தையும் எடுத்து வந்து படித்தேன். நான் மடித்து வைக்கப் போனேன்.

“மூச்சு வாங்குவார்.”

“யாரு?”

“உங்க அண்ணன். எட்டாவது ரவுண்டுக்கு மேல வாயைத் திறந்துட்டுதான் நிப்பார்.”

“அப்படியா?”

“என்ன அப்படியா? பேனாவை எடு.”

கீழே இருப்பது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியது:

“மச்சானுக்கு வணக்கம். முந்தின நாள் எடை போட்டது சங்கத்து விதி, நான் கேட்டு வாங்கிய சலுகை இல்லை. சரி, சண்டை நாள் காலையிலேயே எடை போடுங்கள். அப்போதும் என் கை உங்கள் கையைவிட நீளம்தான், அது தின்று வளர்ந்தது இல்லை. வியர்க்காது என்கிறீர்கள். ஐஸ் பாக்டரியில் இருந்தவருக்கு எப்படி வியர்க்கும்? மேடையில் விளக்குச் சூட்டில் உருகியிருப்பீர்கள். தீர்ப்பைத் திருப்பித் தரமாட்டேன்.”

இதைச் சொல்லும்போது இவர் காதுமடல் சிவந்திருந்தது, அண்ணா. எத்தனை நாள் ஆயிற்று அதைப் பார்த்து!

தங்கச்சி


மார்ச் 1

அன்பும் மதிப்பும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கச்சியின் கடிதம் கண்டேன். என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உங்கள் நிலைமை தெரியாமல் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

மலரை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர்கள் எழுதியது சரிதான். எனக்கு வலது கையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடும் பழக்கம் இருந்தது. உங்கள் இடது குத்துக்கு அந்த இடைவெளி போதும். மூன்றாவது ரவுண்டிலேயே விழுந்திருப்பேன். கோப்பை உங்களுக்குத்தான் தகும்.

நீங்கள் நன்றாக ஓய்வு எடுங்கள். எதற்கும் சிரமப்பட வேண்டாம். விழாவுக்கு வர முடியாவிட்டாலும் பரவாயில்லை, கோப்பையை நானே வாங்கிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன். நான் கிளம்பி வரட்டுமா?

என்றும் உங்கள் நலம் நாடும்,
மச்சான்


மார்ச் 27

அண்ணா,

உடனே பதில் எழுதாததற்கு எதை எழுதுவது என்று தெரியாததுதான் காரணம். நான் நலம். இவர் நலமில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். இவர் சாய்வு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னார். உங்கள் பழைய கடிதத்துக்குப் பிறகு ஒரு வாரம் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தவர், பயிற்சிப் பெண் வந்தபோது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். மறுபடி ஆமாம், இல்லை, வேண்டாம். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள். எனக்குத் தெரியும். ஆனால் நேற்று இவரைப் பிடித்து உலுக்கிக் கேட்டபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“படுத்துட்டார்.”

“யாரு படுத்தா?”

“உங்க அண்ணன். வேணும்னே விழுந்துட்டார். என் மேல இரக்கப்பட்டு.”

“காகிதத்துல நடந்த சண்டைதானே? யாரு விழுந்தா என்ன?”

“உனக்கு என்னடி தெரியும்? வலது கையை இறக்குவாராம்! அந்தக் கை இறங்கினதே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு கேலரியில உட்கார்ந்து பார்த்தவன் நான். தாடையோட சேர்த்துத் தைச்ச மாதிரி இருக்கும். அதைத் தாண்டி எப்படி உள்ள போறதுன்னு யோசிச்சு யோசிச்சுத்தான் நான் இந்த இடது குத்தையே உண்டாக்கினேன். எவனை அடிச்சாலும் அந்த வலது கையைத் தாண்டிப் போறதாத்தான் நினைச்சுக்குவேன். இப்ப அதுவே பொய்னு எழுதிட்டார். ஐஸ் வெக்கிறார் எனக்கு. ஐஸ்கட்டி எனக்கே ஐஸ் வெக்கிறார்!”

அவ்வளவு பேசிவிட்டு அழுதார். நாற்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நீங்கள் வர வேண்டாம். வந்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் நாலு நல்ல வார்த்தை சொல்லிவிடுவீர்கள். கோடை வந்துவிட்டது, அண்ணா. விழுந்த இடத்திலிருந்து எழுந்திருங்கள். எழுந்து வந்து இவரை அடியுங்கள்.

தங்கச்சி


ஏப்ரல் 3

அடேய் தந்தி,

விழுந்தது உண்மை. முதல் தடவை மலர்க்குழு என்னை விழவைத்தது. இரண்டாம் தடவை நானே விழுந்தேன். முதலாவது அநியாயம், இரண்டாவது அசிங்கம். இரண்டையும் சேர்த்து ரத்து செய்கிறேன். மார்ச் ஒன்றாம் தேதிக் கடிதத்தை அடுப்பில் போடு.

என் வலது கை இறங்காது. இறங்கியதில்லை. இப்போதும் பல் தேய்க்கும்போது அது தாடைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

நலமா என்று கேட்கமாட்டேன். நலமில்லை என்று தெரியும். அதற்காக உன்னைச் சும்மா விடப்போவதில்லை. சண்டை இப்படித்தான் நடந்திருக்கும், கவனி. காலையில் எடை. மாலையில் மணி. முதல் மூன்று ரவுண்டு நீ என்னைச் சுற்றி ஆட்டம் காட்டுவாய். ஜனம் கைதட்டும். நான் அசையமாட்டேன். நாலாவதிலிருந்து உன் விலாவில் வேலையை ஆரம்பிப்பேன், பாளத்தைக் குத்தூசியால் உடைக்கிற மாதிரி, ஒரே இடத்தில், அவசரமில்லாமல். எட்டாவதில் நான் வாயைத் திறப்பேன் என்றாயே, திறப்பேன்தான். மூச்சு வாங்கத் திறப்பதில்லை, உன்னிடம் பேச்சுக் கொடுக்கத் திறப்பேன். பத்தாவது ரவுண்டோடு உன் காலத்துச் சண்டை முடிந்துவிடும். என் காலத்துச் சண்டைக்கு இன்னும் ஐந்து பாக்கி இருக்கும். அந்த ஐந்து ரவுண்டு உனக்குத் தெரியாத ஊர், மாப்பிள்ளை. வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

இன்னொன்று. மணி அடித்த பிறகு மூலையை விட்டு எழுந்து வராதவன் தோற்றவன். இந்த விதி என் காலத்திலும் உண்டு, உன் காலத்திலும் உண்டு. ஜூன் விழாவில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள். நீயாகக் கயிற்றுக்குள் ஏறி வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் நான் கூட்டத்தில் எழுந்து நின்று, அரையிறுதியில் இவனோடு மோதியவன் நான், கோப்பை எனக்கு என்று கேட்பேன். கேட்கக் கூச்சப்படுகிற ஆளா நான்? உனக்கே தெரியும்.

ஐஸ்கட்டி


ஏப்ரல் 24

மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். பதினைந்து ரவுண்டு நிற்க வேண்டியவர் அல்லவா?

உங்கள் தங்கச்சிதான் இன்னமும் எழுதுகிறாள். நடுநடுவே முணுமுணுக்கிறாள், அதை எழுத மாட்டேன் என்கிறாள்.

பயிற்சிப் பெண்ணிடம் சமரசம் ஆகிவிட்டது. பந்து எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். “சரி, எதை அமுக்குவீங்க?” என்றாள். “எங்க மச்சான் கழுத்தை” என்றேன். ஒரு துண்டைச் சுருட்டிக் கட்டிக் கையில் கொடுத்து, “இதுதான் உங்க மச்சான்” என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து காலையிலும் மாலையிலும் உங்கள் கழுத்து என் கையில்தான். இரண்டு விரல் மடங்குகிறது. மற்ற மூன்றும் உங்களைப் போல, சொன்னால் கேட்பதில்லை.

உங்கள் தங்கச்சி ஒரு காலத்தில் சங்கத்துச் சண்டைகளுக்கு நேரம் பார்த்து மணி அடித்தவள் என்பதைக் காட்டிவிட்டாள். அவளுடைய பழைய ஸ்டாப் வாட்சைத் தேடி எடுத்து, பாத்திர மூடியில் கரண்டியால் ஓங்கி அடிக்கிறாள். மணி அடித்தால் நான் எழுந்து நின்றாக வேண்டும். முதலில் ஒரு ரவுண்டுகூட நிற்க முடியவில்லை. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “என்ன சார், வீட்ல பாத்திரத்தைப் போட்டு அடிக்கிறாங்க, ஏதாவது சண்டையா?” என்று கேட்டார். “ஆமாம், நாலாவது ரவுண்டு” என்றேன். வேகமாகப் படி இறங்கிப் போய்விட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வர்ணனையில் ஐந்தாவது, ஆறாவது ரவுண்டு உங்களுக்கு. ஒப்புக்கொள்கிறேன். விலாவில் அடி வாங்கிக்கொண்டே உங்கள் வலது முழங்கை எப்போது விலாவைக் காக்க இறங்கும் என்று காத்திருப்பேன். கைதான் இறங்காது, முழங்கை இறங்கும். கேலரியிலிருந்து நான் பார்த்தது அதுதான், உங்களுக்கே தெரியாது. எப்படி இருக்கிறது?

ஜூனில் வருவேன். கோப்பையை உங்கள் கையில் கொடுக்க எனக்குப் பைத்தியமா?

கீழே இருப்பது பூச்சி ஊர்ந்த தடம் இல்லை. இடது கையால் நான் போட்ட கையெழுத்து.

தந்தி


மே 12

தந்திக்கு,

நலம். உன் கையெழுத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தலைகீழாக வைத்துக்கொண்டு பார்த்தேன், பிறகுதான் எது மேல் எது கீழ் என்று பிடிபட்டது. கேவலமாக இருக்கிறது. அடுத்த தடவை இதைவிடப் பெரிதாகப் போடு.

முழங்கை விஷயம் பொய். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன். கொஞ்சம் இறங்குகிறது. அது வயசு.

நேற்று சங்க அலுவலகத்துக்குப் போனேன். மலர்க்குழுச் செயலாளர் மரியாதையான மனிதர், நாற்காலி போட்டார், நான் உட்காரவில்லை.

“ஐயா, இது ஒரு விளையாட்டு மாதிரிதான். கம்ப்யூட்டர்ல புள்ளிவிவரம் போட்டோம், மூணு பேர் உட்கார்ந்து பேசினோம்.”

“அந்த மூணு பேர்ல யாராவது என் சண்டையைப் பார்த்திருக்காங்களா?”

“அப்ப அவங்க பிறக்கலையே, ஐயா.”

“கம்ப்யூட்டர்?”

“அதுவும் பிறக்கலை.”

இந்த அழகில் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் முக்கியம். “அவருக்கு உடம்பு முடியலைன்னு கேள்விப்பட்டோம். மேடைக்குக் கீழேயே நாற்காலி போட்டு, அங்கேயே கோப்பையைக் கொடுத்துடலாம்னு இருக்கோம்.”

“நாற்காலி போட்டீங்கன்னா அதுல நான் உட்காருவேன்” என்றேன்.

“நீங்களா? எதுக்கு?”

“அவன் மேலே நிக்கிறதைப் பார்க்க.”

பிறகு என்னை அரங்கத்துக்கு அழைத்துப்போய் மேடையைக் காட்டினார். ஏறும் படிக்குக் கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. வலது பக்கமும் ஒன்று பொருத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கேட்டதா? இடது பக்கம் மட்டும்.

ஐஸ்கட்டி


மே 26

அண்ணா,

நலமா? உங்களைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. கைப்பிடி விஷயத்தைப் படித்ததும் இவர் ஒரு நாள் முழுக்க உங்களை வைதார். காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. மறுநாள் காலை குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினேன். சுவர்க் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். “விழுந்திடுவீங்க!” என்றேன். “உங்க அண்ணன் மாதிரியா?” என்றார்.

வருகிறோம். படியை ஏறிவிடுவார் என்று பயிற்சிப் பெண் சொல்கிறாள். கயிற்றுக்கு நடுவில் குனிந்து நுழைவதுதான் பயமாக இருக்கிறது. இவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். நான் சொல்லிவிட்டேன்.

தங்கச்சி


ஜூன் 19

அன்புள்ள மாப்பிள்ளை தந்திக்கு,

நீங்கள் இருவரும் நலமாகப் போய்ச் சேர்ந்ததாகத் தங்கச்சி போன் பண்ணினாள். நான் நலம். தொண்டைதான் கட்டிக்கொண்டுவிட்டது, அதற்குக் காரணம் நீ.

விழா அன்றைக்கு உன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வழியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் பெயரைக் கூப்பிட்டதும் நீ எழுந்தாய். செயலாளர் ஓடிவந்து கைத்தாங்கலாகப் பிடிக்கப் பார்த்தார். தங்கச்சி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துவிட்டாள். அது உனக்குத் தெரியாது. நீ படிக்கு வந்து, இடது கையைத் தூக்கிக் கைப்பிடியில் வைத்தாய். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கியதை நான் பார்த்தேன். ஐந்தும் மடங்கின. நீ முதல் படியில் கால் வைத்தபோது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். இரண்டாவது படியில் அந்த வரிசை எழுந்தது. நீ மேலே வந்து சேர்ந்தபோது பின்னால் கேலரி வரைக்கும் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காகிதத்தில் இறுதிப்போட்டியில் உன்னிடம் தோற்ற இந்தக் காலத்துச் சாம்பியன், எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்களே அந்தப் பையன், உனக்குக் கொடுக்க வைத்திருந்த கோப்பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான்.

கயிற்றை நான் விரித்துப் பிடித்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. கீழ்க்கயிற்றை மிதித்து, மேல்கயிற்றைத் தோளால் தூக்கிப் பிடிப்பது மூலைக்காரன் வேலை. அன்றைக்கு உனக்கு வேறு மூலைக்காரன் இல்லை. உள்ளே நுழையும்போது என் காதோடு, “தள்ளிப் பிடிங்க மச்சான், தொப்பை இடிக்குது” என்றாயே, அதை யாருக்கும் சொல்லவில்லை.

நீ பேசியதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மாற்றிப் பேசக்கூடாது. “கோப்பையை வாங்கிக்கறேன். ஆனா மலர்ல ஒரு தப்பு இருக்கு. எங்க மச்சான் மூணாவது ரவுண்டுல விழமாட்டார். அவரை நாலு வருஷம் கேலரியில இருந்து பார்த்திருக்கேன், ஐம்பது வருஷமா மனசுக்குள்ள அவரோட சண்டை போட்டுட்டிருக்கேன். அவர் விழறது பதினாலாவது ரவுண்டு” என்றாய். சபையே சிரித்தது. அப்போதுதான் நான், “பதினஞ்சுக்கு வாடா!” என்று கத்தினேன். தொண்டை போனது அங்கேதான். நீ கோப்பையைச் செயலாளரிடம் தள்ளிவிட்டு, திரும்பி, இடது கையை மடக்கி என் தாடைக்கு நேராக நீட்டினாய். மெதுவாகத்தான் வந்தது. நடுங்கிக்கொண்டுதான் வந்தது. ஆனால் வந்தது. என் வலது கை தானாக மேலே போய்விட்டது, மாப்பிள்ளை. நான் சொல்லிப் போகவில்லை.

பதினான்கையும் நான் ஏற்கவில்லை. அதனால் இனி நடக்க வேண்டியவற்றை எழுதுகிறேன்.

செயலாளர், அடுத்த பதிப்பில் நாற்பத்திரண்டாம் பக்கத்தைத் திருத்தி, மூன்றாவது என்ற இடத்தில் பதினான்காவது என்று போட வேண்டும். அடியில் பொடி எழுத்தில், இதற்கும் ஐஸ்கட்டி சம்மதிக்கவில்லை என்று சேர்க்க வேண்டும். ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் மறுபடி போய் நிற்பேன் என்ற பயத்தில்.

பயிற்சிப் பெண், சுருட்டிய துண்டை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியாக ஏதாவது தர வேண்டும். என் கழுத்து அவ்வளவு மெத்தென்று இருக்காது.

தங்கச்சி மணி அடிப்பதில் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. புருஷன் என்று சீக்கிரம் அடித்து ரவுண்டை முடித்துவிடுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். முழு மூன்று நிமிடம் நிற்கவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியதும் அவள்தான்.

நீ அடுத்த கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இடது கையால் எழுத வேண்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி. பதினான்காவது ரவுண்டில் நான் எப்படி விழுந்தேன், எந்த மூலையில், உன் எந்த அடியில் என்று விவரமாக எழுத வேண்டும். படித்துவிட்டு ஒவ்வொரு வரியாக மறுப்பேன்.

நான், மழை விட்டதும் ரயில் ஏறி உங்கள் ஊருக்கு வருவேன். நல்ல வார்த்தை ஒன்றும் கொண்டுவர மாட்டேன். வாசலில் நின்று அழைப்புமணியை அடிப்பேன். மணிச் சத்தம் கேட்டதும் தங்கச்சி சமையலறையை விட்டு நகரக்கூடாது. நீ எழுந்து வர வேண்டும். கதவை நீதான் திறக்க வேண்டும், இடது கையால்.

உன் மச்சான்,
ஐஸ்கட்டி